மோதிர விரலுக்கு ஒரு மாவுக்கட்டு

அன்றைக்கு எங்கள் பீங்கான் ஷெட்டில் இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். நான். என் வீட்டுக்காரர் செல்வராசு. மோல்டு செய்கிற கோவிந்தன் அண்ணன். மங்கலம்பேட்டையிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் வந்து பளபளப்புக்குக் கிளேஸ் கரைசலில் முக்கிக் கொடுக்கிற ஷமீம் அக்கா. இவர்களைத் தவிர, பலகையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த பீங்கான் யானைகள்... அவற்றைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்? நடந்ததை இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். "நான் அப்பவே வேணாம்னுதான் சொன்னேன்" என்கிறார்கள், மூன்று பேருமே. மூன்று பேரும் வேண்டாம் என்றால் என் விரலில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றியது யார்? யானையா?

முதலிலிருந்து வருகிறேன்.

கார்த்திகைக்கு எங்களுக்கு ஒரு ஆர்டர். சேத்தியாத்தோப்புக் கடைக்காரர் கொடுத்தது. முதுகில் அகல் சுமக்கிற யானை, இரண்டாயிரம் உருப்படி. யானை மோல்டு, அதாவது பிளாஸ்டர் அச்சு, இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து, சைக்கிள் டியூப்பைக் கிழித்த ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். களிமண் கரைசலை உள்ளே ஊற்ற வேண்டும். ஓரம் இறுகியதும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டு, கட்டை அவிழ்த்து, யானையை எடுக்க வேண்டும். கட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலை. எங்கள் ஷெட்டில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை. நான் விட்டதும் இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் என் வலது கை மோதிர விரல் வேலைநிறுத்தம் செய்தது.

காலையில் எழுந்தால் மற்ற விரல்கள் எழுந்துவிடும். இது மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டு படுத்திருக்கும். இடது கையால் பிடித்து நிமிர்த்த வேண்டும். நிமிரும்போது ஒரு சத்தம்... டக்! நடு மூட்டில் உயிர் போகிற வலி. ஒரு மாதமாக இப்படி. யாரிடமும் சொல்லவில்லை.

நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது இந்தப் பகுதியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குப் புதிதில்லை. பாயில் படுத்தபடியே யோசிப்பேன். என் கை நின்றால் ஷெட் நிற்கும். ஷெட் நின்றால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் கடைக்காரர் அடுத்த வருஷம் வேறு ஷெட்டுக்குப் போவார். அப்புறம்? அப்புறம் நான் எதற்கு? எட்டாவதோடு நின்றவளுக்கு இந்த ஒரு வேலைதானே ஒழுங்காகத் தெரியும்?

இவ்வளவையும் யோசித்து முடிப்பதற்குள் பால்காரர் வந்துவிடுவார்.

அன்றைக்குக் காலை டீக்குப் பிறகு ஒரு மோல்டை இழுத்துக் கட்டினேன். கட்டி முடித்தேன். விரல் ரப்பரை விடவில்லை. கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் கையைத் தூக்க, மோல்டும் கூடவே எழுந்து வருகிறது!

ஷமீம் அக்காதான் முதலில் பார்த்தார்.

"யா அல்லா! விரலு சுருண்டுக்கிச்சே! எத்தினி நாளா வசந்தி?"

"இப்பத்தான்க்கா."

"பொய்யி. ஒரு மாசமா டீ கிளாஸ எடது கையில புடிக்கிற. எனக்கென்னா கண்ணு தெரியாதா?"

என் வீட்டுக்காரர் சூளைப் பக்கமிருந்து வந்தார். விரலைப் பார்த்தார். யோசித்தார். "வாயுதான். நேத்து உருளைக்கெழங்கு போண்டா தின்னல்ல?"

"விரல்ல ஏதுங்க வாயு?"

"அது எங்க வேணா போவும்."

எனக்கு வேறு பயம். "இது பக்கவாதம்ங்க. இப்பிடி ஒரு விரல்லதான் ஆரம்பிக்குமாம்."

"வாதம்னா வாயில்ல கோணிக்கும்? உன் வாயி நல்லாத்தான இருக்குது?" என்றார் ஷமீம் அக்கா.

"அது ரொம்பவே நல்லா இருக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

இதுவரை பேசாமல் இருந்தவர் கோவிந்தன் அண்ணன். அதிகம் பேசமாட்டார். முப்பது வருஷமாக மோல்டு செய்கிறவர். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும், இதை எத்தனை துண்டாகப் பிரித்து மோல்டு எடுக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். என் விரலையும் அப்படித்தான் பார்த்தார். மெதுவாகப் பிடித்து நிமிர்த்தினார். டக்!

"கீலு கழண்டிருக்குது. நேரா வச்சி மாவுக்கட்டு போட்டா புடிச்சிக்கும்."

"ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாமாண்ணே?"

"அங்க போடறதும் இதே மாவுதான். அங்க காசு, இங்க சும்மா. மூட்ட மூட்டயா கெடக்குது பாரு."

யோசித்துப் பாருங்கள். வேறு ஊரில் ஒருத்திக்கு விரல் மாட்டிக்கொண்டால் தைலம் தடவுவார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். எங்கள் ஷெட்டில் மூலைக்கு மூலை பிளாஸ்டர் மூட்டை. கை சும்மா இருக்குமா?

பால் கவர் ஒன்றைக் கழுவி, என் விரலைச் சுற்றிக் குழாய் மாதிரி கட்டினார் அண்ணன். என் வீட்டுக்காரர் மாவு கரைத்தார். ஷமீம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆக, வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்கிற மூன்று பேரும் என்னென்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊற்றினார்கள். குளிர்ச்சியாக இருந்தது. நன்றாகவே இருந்தது.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். இது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். தினமும் புது மோல்டைத் தொட்டுப் பார்த்து, "சூடாயிடுச்சு, எடுக்கலாம்" என்று சொல்கிறவர்களே நாங்கள்தான். ஆனால் அதற்குள் ஒரு விரல் இருக்கிறபோது ஒருவருக்காவது அது ஞாபகம் வர வேண்டுமே?

"சுடுதுண்ணே."

"சுடணும். அப்பத்தான் செட்டாவும்."

"ரொம்ப சுடுதுண்ணே!"

"நல்ல மாவு."

"ஐயோ, வேவுதுங்க... என் விரலு வேவுது!"

என் வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எனக்குச் சூடு மறந்து, சுத்தியல் பயம் பிடித்துக்கொண்டது. "தள்ளு தம்பி அந்தாண்ட!" என்று அவரை இடித்துத் தள்ளிவிட்டு, ஷமீம் அக்கா என் கையைக் கட்டோடு வாளித் தண்ணீரில் அமுக்கினார். கவரைக் கிழித்து, பிசிறு சீவுகிற கத்தியால் கீறி, நெம்பினார். ஒட்டாமல் வருவதற்கு முதலில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். மோல்டுக்காரர்களின் அரிச்சுவடி அது. அதையும் யாரும் தடவவில்லை. விரலில் இருந்த பூனை முடியெல்லாம் மாவோடு போயிற்று. கட்டு இரண்டாகப் பிளந்தது. விரல் வெளியே வந்தது... வெந்த நண்டு நிறத்தில்.

கோவிந்தன் அண்ணன் பிளந்த கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகை, மூட்டு மடிப்பு, நகத்து வெடிப்பு எல்லாம் அப்படியே பதிந்திருந்தன.

"அருமையா வந்திருக்குது பாரு. ஒரு குமிழி இல்ல."

நான் என் விரலைப் பார்த்தேன். அது நிதானமாக மடங்கி, பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்று மாலையே ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். முதலில் கேட்டது, "இது என்ன செவப்பு?"

என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மாவுக்கட்டு போட்டம்ங்க" என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரில?"

"ஆஸ்பத்திரி இல்லீங்க... எங்க ஷெட்டுல. யானை மோல்டு செய்யற மாவு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கெட்டியா ஊத்தினா உள்ள இருக்கிற சதை வெந்துடும்மா. விரலே போயிருக்கும். சீக்கிரம் எடுத்தீங்க, பிழைச்சீங்க" என்றார். போயிருக்கும் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. மீதியை என் வீட்டுக்காரர்தான் கேட்டார்.

"எங்கம்மா வலி?"

நடு மூட்டைக் காட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. உள்ளங்கையில், விரல் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே டோக்கன் போடுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"இங்கதான் மாட்டுது. ஒரு சின்ன உருண்டை தட்டுப்படுதா? விரலை மடக்குங்க, நிமிர்த்துங்க... நகருதா?"

நகர்ந்தது! தோலுக்கு அடியில் ஒரு கடுகு உருண்டை ஓடுகிற மாதிரி. நாங்கள் மாவு ஊற்றியது ஒரு இடம், கோளாறு வேறு இடம்.

டாக்டரம்மா என் கேள்விகளுக்குப் பயந்தோ என்னவோ, தானே விளக்க ஆரம்பித்தார். விரலை மடக்குகிற தசை விரலில் இல்லையாம். முன்கையில் இருக்கிறதாம்! அங்கிருந்து கயிறு மாதிரி ஒரு தசைநாண் மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கை வழியாக விரலுக்குள் போய் எலும்பைப் பிடித்திருக்கிறது. தசை இழுத்தால் கயிறு வரும், விரல் மடங்கும். இழுக்கும்போது அந்தக் கயிறு எலும்பைவிட்டுத் தூக்கிக்கொள்ளாமல் இருக்க, வழி நெடுக வளையம் வளையமாகப் பட்டைகள் பிடித்திருக்கின்றன. முதல் வளையம் உள்ளங்கையில், அவர் அழுத்தின இடத்தில்.

எனக்குப் பாதி புரிந்தது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"பாவாடைக்கு நாடா கோப்பீங்கல்ல? நாடால ஒரு முடிச்சு விழுந்தா என்னாவும்?"

"மடிப்பு வாயில வந்து மாட்டிக்கும்."

"அதேதான். இறுக்கிப் பிடிச்சு இறுக்கிப் பிடிச்சு அந்த முதல் வளையம் தடிச்சிடும். உரசி உரசிக் கயிறும் வீங்கி முடிச்சாயிடும். மடக்குற தசைக்கு பலம் ஜாஸ்தி. முடிச்சை இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோயிடும். நிமிர்த்துறதுக்கு அவ்வளவு பலம் இல்ல. முடிச்சு வளைய வாசல்ல நின்னுடும். நீங்க பலவந்தமா நிமிர்த்தும்போது வளையத்தைத் தாண்டிக் குதிக்குது பாருங்க, அதுதான் அந்த டக். துப்பாக்கி விசை மாதிரி. ட்ரிகர் ஃபிங்கர்னு பேரு."

பாவாடை நாடா என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட என் வீட்டுக்காரர், இப்போது இந்தப் பக்கம் திரும்பினார். "யானத் தும்பிக்க மோல்டுல மாட்டற மாதிரிங்க. முனையில பெருசா இருந்து வாயி சின்னதா இருந்தா வெளியே வராது" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சரியா சொல்றார்மா" என்றேன். முப்பது வருஷத்தில் அவரை நான் இப்படிப் பாராட்டியது அதுவே முதல் தடவை.

இரவெல்லாம் அசையாமல் இருப்பதால் வீக்கம் கூடி, காலையில்தான் அதிகம் மாட்டுமாம். முடிச்சு இருப்பது உள்ளங்கையில் என்றாலும், வலி நடு மூட்டில் இருப்பதாகவே தோன்றுமாம். ஐம்பதை நெருங்குகிற பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் இது அதிகமாம்.

"சுகர் பாத்தீங்களா?"

"இல்லீங்க. பயமா இருக்குது."

"பாக்காம இருந்தா இல்லன்னு ஆயிடுமா?"

பார்த்தார்கள். எல்லைக் கோட்டில் நின்றது. இனி நடைப்பயிற்சி.

கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டேன். "விரல எடுத்துடுவீங்களா டாக்டரம்மா?"

"மோதிரம் டைட்டா இருந்தா விரலையா வெட்டுவாங்க? மோதிரத்தைத்தானே வெட்டுவாங்க? அவ்வளவுதான். ஆபரேஷன்னே வந்தாலும் அந்த ஒரு வளையத்தைத்தான் கீறி விடுவோம். இப்ப அதுவும் வேணாம். ஒரு ஊசி போடறேன், விரல் மடங்காம இருக்க ஒரு பட்டை தரேன். மூணு வாரம் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது."

மூன்று வாரம்! இரண்டாயிரம் யானை!

"கார்த்திக முடிஞ்சி வந்து போட்டுக்கறேங்க."

"இப்ப இடது கையால நிமிருது. நாள்பட விட்டா அப்படியே மடங்கி நின்னுடலாம். அப்புறம் எந்தக் கார்த்திகைக்கும் அந்த விரல் உதவாது."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "போடுங்கம்மா. யானைய நான் பாத்துக்கறேன்."

உள்ளங்கையில் ஊசி எப்படி வலித்தது என்று கேட்டு எழுதாதீர்கள். நன்றாக வலித்தது. ஆனால் 'நான் பாத்துக்கறேன்' என்றாரே, அது அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குத்தியது.

மறுநாள் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் இடத்தில் அவர். "அப்பிடி இல்லங்க." "கொஞ்சம் சாச்சிப் புடிங்க." "ஊத்தறப்ப எங்க பாக்கறீங்க?" சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"இவளுக்கு விரலுதான் லாக்கு ஆயிருக்குது. வாயி லாக்காவலியே" என்றார் ஷமீம் அக்கா.

நாலாம் நாள் மூன்று பேரும் சேர்ந்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வெடுக்க வேண்டுமாம். யாருடைய ஓய்வு என்று சொல்லவில்லை.

வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 'வசந்தி, ஓடி வா' என்று போன் வரும். வராமலா போகும்? வரவில்லை. நானே போட்டேன்.

"எல்லாம் சரியா இருக்குதா?"

"இருக்குது."

"ஒழுவலியா?"

"எது?"

"மோல்டுங்க!"

"ஒழுவல. சாப்ட்டியா?"

உண்மையைச் சொல்லட்டுமா? ஒன்றே ஒன்றாவது ஒழுகியிருக்கக் கூடாதா என்று இருந்தது. நம்மால்தான் ஓடுகிறது, நாம் இல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து சாகிறோம். நாம் இல்லாமலும் ஓடிவிட்டால்? அந்தப் பயத்துக்கு எந்த டாக்டரிடம் போவது?

பத்தாம் நாள் பொறுக்காமல் ஷெட்டுக்குப் போனேன். பலகை நிறைய யானைகள். ஒன்றுகூடக் கோணல் இல்லை. பக்கத்தில் கட்டி, ஊற்றி வைத்த மோல்டுகள். அதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

"என்னாங்க இது? ரப்பர ஒரு சுத்துதான் சுத்தியிருக்கீங்க!"

"ஆமா. ஏன்?"

"மூணு சுத்து போடணும்!"

"யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள்? நின்று யோசித்தேன். யாரும் சொல்லவில்லை.

பதினைந்து வயதில் முதன்முதலாக ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் நாள் நான் கட்டிய ஒரு மோல்டு வாய் பிளந்து, கரைசல் தரையெல்லாம் ஓடிற்று. "எட்டாவதோட நின்ன கழுதைக்கு ஒரு கட்டு கட்டத் தெரியல" என்றார் முதலாளி, எல்லோர் எதிரிலும். மறுநாளிலிருந்து மூன்று சுற்று. முழு பலத்தையும் மோதிர விரலில் கொக்கி போட்டு, பல்லைக் கடித்து இழுத்து, மூன்று சுற்று. அன்றைக்கு ஓடிய கரைசல் அப்புறம் ஒரு நாளும் ஓடவில்லை. மூன்று சுற்று போட்டதால்தான் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சுற்றிலேயே நிற்குமா என்று பார்க்கிற தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

இதைச் சொன்னதும் கோவிந்தன் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பாதியில மேடு, ஒரு பாதியில குழி வச்சி செஞ்சித் தரேனே, எதுக்குன்னு நெனச்ச? அழகுக்கா? அதுவே ரெண்டையும் கவ்விக்கும். ரப்பரு சும்மா தொணைக்கு. இத்தினி வருஷமா என் மோல்டு மேல நம்பிக்க இல்ல. அப்பிடித்தான?"

அப்படித்தான் அண்ணே. யார் மேலும் இல்லை. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள், கேஸ் மூடினேனா என்று பாதி வழியில் திரும்புகிறவள், என் பெண் சென்னைக்குப் பஸ் ஏறினால் திண்டிவனத்தில் ஒரு போன், தாம்பரத்தில் ஒரு போன் போடுகிறவள். நீங்களும்தானே? சிரிக்காதீர்கள். எத்தனை பேர் வீட்டில் ஒரு சுற்றில் நிற்பதற்கு மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

வயது சரி, சுகர் சரி. கயிறு வீங்கியதும் வளையம் தடித்ததும் சரி. ஆனால் இழுத்துக்கொண்டே இருந்தது நான்தானே?

கார்த்திகைக்கு ஐந்து நாள் முன்னால் இரண்டாயிரம் யானையும் சேத்தியாத்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் பொங்கலுக்கு வேறு ஏதாவது செய்யச் சொல்லியிருக்கிறார். என் விரல் காலையில் கொஞ்சம் சோம்பல் முறிக்கிறது, அவ்வளவுதான். டக் இல்லை.

போன திங்கள்கிழமை என் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து சூளைப் பக்கம் போனார். முதல் மோல்டுக்கு ஒரு சுற்று. ஊற்றினேன். குனிந்து பார்த்தேன். ஒழுகவில்லை. அடுத்ததற்கும் ஒன்று. மூன்றாவது மோல்டில் கை தானாக இன்னொரு சுற்று போட்டுவிட்டது. மெதுவாக, இழுக்காமல்தான்.

"பாத்துட்டேன்" என்றார் ஷமீம் அக்கா, தலையைத் தூக்காமலே.

அந்த இரண்டாவது சுற்று மோல்டுக்கு இல்லைக்கா... எனக்கு!